வெக்கை தணிந்த வெளி

கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து வெளியே வந்தபோது, வண்டியருகே இருட்டோடு இருட்டாக நின்றிருந்த வழிகாட்டி "சிகமூ, ம்ஸே" என்றார். சுவாஹிலியில் இளையவர் மூத்தவருக்குச் சொல்லும் வணக்கம் அது. உங்கள் பாதங்களைப் பற்றுகிறேன் என்பது அதன் வேர்ப்பொருள். "மரஹபா" என்று சொல்லி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ம்ஸே என்றால் பெரியவர். முப்பது வயதைத் தாண்டாத அந்த மாசாய் இளைஞர் முதல் நாளே இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மணி பன்னிரண்டு என்றார். என் கைக்கடிகாரம் காலை ஆறு காட்டியது. சுவாஹிலி பேசுகிறவர்களின் மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒரு மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. சஃபாரி என்ற சொல்லும் எனக்கு அயலாகப் படவில்லை. அரபியில் பயணத்தைக் குறிக்கும் சஃபர்தான் சுவாஹிலியில் சஃபாரி ஆகியிருக்கிறது. நம் கடலோர முஸ்லிம் ஊர்களில் பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்களைச் சபராளிகள் என்று இன்றும் சொல்கிறார்கள். விலங்கு பார்க்கப் போவது என்கிற பொருள் அந்தச் சொல்லின் மேல் பின்னாளில் வந்து ஏறியது.

நாங்கள் தங்கியிருந்தது வடக்குத் தான்சானியாவில் இண்டூட்டு ஏரிக்கு அருகில். செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் தென்விளிம்பும் இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியும் ஒன்றையொன்று தொடும் இடம். பிப்ரவரி மாதம். குடைவேல மரங்களைக் கடந்து வண்டி வெளியே வந்ததும் நிலம் சட்டென்று எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டதுபோல இருந்தது. மரம் இல்லை, மேடு இல்லை, கணுக்கால் உயரப் புல் மட்டும். செரெங்கெட்டி என்ற பெயரே மாசாய் மக்களின் மொழியில் முடிவில்லாமல் நீளும் நிலம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. எலும்பைத் தொடும் குளிர். பூமத்தியரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்போம் என்று நான் நினைத்திருக்கவில்லை.

முதலில் குரல்தான் வந்தது. மூக்கடைத்தவர்கள் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எதையோ முனகுவதுபோல. நம் நெடுங்கணக்கில் ஙகர வரிசை என்று ஒன்று உண்டு. சொல்லின் தொடக்கத்தில் அதைப் பார்ப்பதே அபூர்வம். அந்த வெளியில் எல்லாத் திசையிலிருந்தும் ங, ங என்றே கேட்டது. வெளிச்சம் ஏறியபோது அடிவானம் வரை கறுத்த முதுகுகள் தெரிந்தன.

இந்த விலங்கைத் தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த வில்டபீஸ்ட் என்ற பெயர் தென்னாப்பிரிக்க டச்சுக்காரர்கள் வைத்தது, காட்டுமாடு என்று பொருள். ஆனால் நமக்குக் காட்டுமாடு என்றால் ஆனைமலையிலும் நீலகிரியிலும் மேய்கிற வேறொரு விலங்கு. சுவாஹிலியில் நியூம்பு என்கிறார்கள். கோவேறு கழுதைக்கும் அதே பெயர்தான். குதிரையின் நீண்ட முகம், மாட்டின் கொம்பு, ஆட்டுத்தாடி, கழுதைப்புலியைப்போலச் சரிந்த பின்புறம். நான் நியூம்பு என்றே எழுதுகிறேன். அதன் நிலத்தில் அதை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பிப்ரவரியில் இங்கே வருவதற்குக் காரணம் ஈற்று. ஆண்டில் பெரும்பகுதி மழையைத் தொடர்ந்து வடக்கே கென்யாவின் மாரா ஆறு வரை சுற்றி அலையும் நியூம்புகள் மழைக்காலத்தில் இந்தக் குட்டைப்புல் வெளிக்குத் திரும்பிவந்து கன்று போடுகின்றன. ஓராண்டில் பிறக்கும் கன்றுகளில் பத்துக்கு எட்டு மூன்று வார இடைவெளிக்குள் பிறந்துவிடுகின்றன. கொன்றுதின்னிகளால் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே மூச்சில் பெற்றுப் போடுவதுதான் இந்த இனம் கண்டுகொண்ட வழி. இந்த இடத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. கிழக்கே ஓல் டோயின்யோ லெங்காய் என்ற எரிமலை நிற்கிறது. மாசாய்களுக்கு அது கடவுளின் மலை. அதுவும் அதன் மூத்த எரிமலைகளும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகத் துப்பிய சாம்பல் இந்த வெளியில் படிந்து, சற்று ஆழத்தில் சுண்ணாம்புப் பாறையாக இறுகிவிட்டது. மரத்தின் வேர் அதைத் துளைக்க முடியாது. ஆனால் மேலே முளைக்கும் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் நிறைந்திருக்கிறது. கன்றுக்கு எலும்பு வைக்க, தாய்க்குப் பால் ஊற, இதைவிடத் தோதான மேய்ச்சல் கிடையாது.

சூரியன் நன்றாக மேலே வந்த பிறகு அதைப் பார்த்தோம். நாற்பது ஐம்பது அடி தூரத்தில் ஒரு தாய் படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. பனிக்குடம் வெளியே தெரிந்தது. பிறகு இரண்டு முன்குளம்புகள், அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு மூக்கு. தாய் எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றியபோது கன்று தொப்பென்று விழுந்தது. வெளிர்மணல் நிறம், கறுத்த முகம். முதல் முயற்சியில் முன்கால் மடங்கி மூக்கில் விழுந்தது. இரண்டாவது முயற்சியில் பின்பக்கம் மட்டும் எழுந்தது. நான்காவதில் நின்றுவிட்டது. ஏழு நிமிடம்கூட ஆகியிருக்காது. கொஞ்ச நேரத்தில் தாயின் விலாவோடு ஒட்டி ஓடியது. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது அந்த வாசனை வந்தது. பனிக்குட நீர், இரத்தம், நக்கிய ஈர மயிர், நசுங்கிய புல்.

எனக்கு அந்த வாசனை தெரியும். என் அப்பா வட ஆர்க்காட்டில் கால்நடை ஆய்வாளராக இருந்தவர். ஊர்க்காரர்களுக்கு மாட்டு டாக்டர். நடுராத்திரியில் லாந்தரோடு வந்து கதவைத் தட்டுவார்கள். விடிந்து திரும்பும்போது அவர் சட்டையில் இதே வாசனை இருக்கும், மேலே லைசால் நெடியும். ஈன்ற பசுவின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரக் கிளையில் கட்டித் தொங்கவிடுவார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்த ஆலமரத்தை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடப்பேன். இங்கே இளங்கொடிக்கு இரண்டு நரிகள் காத்திருந்தன.

அந்தக் காலை முழுக்க எங்களைச் சுற்றியிருந்த மற்ற வண்டிகளிலிருந்து ஒரே விதமான வியப்பு காதில் விழுந்தபடி இருந்தது: உலகம் தோன்றிய நாளில் இப்படித்தான் இருந்திருக்கும், மனிதன் கை படாத பூமி. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்படித் தோன்றவைக்கிற அகலம் அந்த நிலத்துக்கு இருக்கிறது. ஆனால் அந்த வாசனையோடு அப்பாவின் நினைவும் அப்பாவோடு ஒரு நோயின் பெயரும் வந்துவிட்டன. அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தை அப்படிப் பார்க்க முடியவில்லை.

வெக்கை. மாடு பொறுமையிழக்க வைக்கும்போது என் பாட்டி "வெக்கைல போக" என்று திட்டுவாள். சொல்லிவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொள்வாள். கொடும் காய்ச்சல், வாயெல்லாம் புண், கண்ணிலும் மூக்கிலும் நீர், பிறகு நிற்காத கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் தொழுவம் காலி. உலகம் அதை ரிண்டர்பெஸ்ட் என்று அழைத்தது. ஆப்பிரிக்காவின் இந்தப் பாகத்தில் அந்த நோய் முன்பு இல்லை. 1887-இல் இத்தாலியப் படையின் தேவைக்காகச் செங்கடல் கரையின் மசாவா துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்ட மாடுகளோடு அது இறங்கியது என்பதும், அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அங்கிருந்து தெற்கே நகர்ந்து பத்தே ஆண்டுகளில் கண்டத்தின் தென்முனையைத் தொட்டது. வழியில் இருந்த மாடுகளில் பத்துக்கு ஒன்பது செத்தன. எருமைகளும் நியூம்புகளும் செத்தன. மாட்டுப் பாலையும் இரத்தத்தையும் உண்டு, மாட்டைக் கொண்டே மணம் முடித்து, மாட்டைக் கொண்டே வழக்குத் தீர்த்து வாழ்ந்த மாசாய்கள் பட்டினியில் விழுந்தார்கள். கூடவே பெரியம்மையும் வந்தது. அந்த ஆண்டுகளுக்கு அவர்கள் எமுதாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், துடைத்தழித்தல் என்று பொருள். 1892-இல் ஆஸ்திரியரான ஆஸ்கர் பௌமான் இங்கோரோங்கோரோ வழியாக வந்தபோது எலும்பும் தோலுமாய் நடமாடிய மனிதர்களைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்.

மாடும் மனிதரும் இல்லாமல் போன நிலத்தில் புதர் ஏறியது. புதரோடு செட்சி ஈ வந்தது, ஈயோடு தூக்க நோய் வந்தது, மிச்சமிருந்தவர்களும் நகர்ந்தார்கள். பின்னால் வந்த ஐரோப்பியர்கள் பார்த்த ஆளற்ற காட்டின் ஒரு பகுதியாவது இப்படி உருவானது. ஒரு தொற்று காலி செய்த வீட்டுக்குள் நுழைந்து, இது என்றைக்கும் காலியாகவே இருந்தது என்று அவர்கள் நினைத்தார்கள்.

அந்தத் தொற்று உடனே போய்விடவும் இல்லை. அறுபது எழுபது ஆண்டுகள் மாடுகளிடத்தில் தங்கி, அங்கிருந்து காட்டு விலங்குகளுக்குத் தாவிக்கொண்டிருந்தது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு தீர்ந்ததும் ஒரு வயதை எட்டும் முன்பே நியூம்புக் கன்றுகள் கூட்டமாய் மடிந்தன. கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வால்டர் பிளௌரைட் என்ற கால்நடை அறிவியலாளர், கன்றின் சிறுநீரகச் செல்களில் அந்த வைரஸைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து அதன் கொடுமையை வடித்தெடுத்தார். அதற்கு முன்பே 1920-களில் நம் குமாவூன் மலையில் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் ஜே. டி. எட்வர்ட்ஸ் அதை ஆட்டு உடலில் வளர்த்து ஒரு தடுப்பூசி செய்திருந்தார். 1960 வாக்கில் வந்த பிளௌரைட்டின் ஊசி அதைவிடப் பத்திரமானது. செரெங்கெட்டியைச் சுற்றி மாசாய், சுகுமா மக்கள் வைத்திருந்த மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். காட்டில் ஒரு நியூம்புக்கும் யாரும் ஊசி போடவில்லை. மாட்டிடம் நோய் நின்றது, காட்டிலும் நின்றுவிட்டது. 1961-இல் இரண்டரை லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த நியூம்புகள் 1970-களின் இறுதியில் பதின்மூன்று லட்சத்தைத் தொட்டன. அவ்வளவு வாய்கள் மேய்ந்ததில் காய்ந்த புல் மிஞ்சவில்லை, அதனால் காட்டுத்தீ குறைந்தது, அதனால் மரக்கன்றுகள் தப்பி வளர்ந்தன, தழை தின்னும் ஒட்டகச்சிவிங்கிகளுக்கும் அது நல்லதாயிற்று. டோனி சின்க்ளேர் போன்ற சூழலியலாளர்கள் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கிறார்கள். மாட்டின் கழுத்தில் இறங்கிய ஊசி மரத்தின் நிழலில் போய் முடிந்திருக்கிறது.

அப்பாவின் பெட்டியில் இருந்ததும் அதே ஊசியின் வழிவந்ததுதான். தெர்மாஸில் ஐஸ் போட்டு, குப்பிகளை அதற்குள் புதைத்து, மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போவார். விடுமுறை நாட்களில் பின்னால் நான். கரைத்த மருந்து சில மணி நேரத்தில் செத்துவிடும் என்பதால் வெயில் ஏறும் முன் ஊரை முடிக்க வேண்டும். ஊசி போட்டால் பால் வற்றும், சினை கலையும் என்று பயந்து மாடுகளைக் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளித்துவைப்பார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிப்பார், மழையைப் பற்றி, கடலை விலையைப் பற்றிப் பேசுவார், கடைசியில் அவர்களே ஓட்டிக்கொண்டு வருவார்கள். ஊசியை உருவியதும் அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு கணம் அழுத்திப் பிடிப்பார். இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தாக்கியதாகப் பதிவானது 1995-இல், எங்கள் வட ஆர்க்காட்டில்தான். 2011-இல் அந்த நோய் பூமியிலேயே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அது. அந்தச் செய்தியை நாளிதழின் உள்பக்கத்தில் படித்துவிட்டு அப்பாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

இண்டூட்டு வெளியில் என் கண்முன் நின்ற அந்தக் கறுத்த முதுகுகளில் அப்பாவைப் போன்றவர்களின் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. ஆப்பிரிக்கத் தொழுவங்களில் மாட்டைப் பிடித்துக்கொடுத்த, ஊசி போட்ட, பெயர் தெரியாத எத்தனையோ பேரின் ரேகை. இதை அறிந்த பிறகு காட்சி குறைந்துபோனதா என்று அன்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்கு அது கூடித்தான் போயிற்று.

நடுப்பகலில் சிங்கங்களைப் பார்த்தோம். ஒரு சதுப்பின் ஓரத்தில் ஏழு, வயிறு புடைக்கப் படுத்திருந்தன. சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை இப்படித்தான் கிடக்கும். கழுதைப்புலிகள் குழைந்த சேற்றில் பாதி புதைந்து குளிர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பிணந்தின்னி என்ற கெட்ட பெயர் நம் ஊரிலும் உண்டு. 1960-களில் ஹான்ஸ் க்ரூக் என்ற ஆய்வாளர் இங்கே இரவிரவாக அவற்றைப் பின்தொடர்ந்து, அவை தம் உணவில் பெரும்பகுதியைத் தாமே வேட்டையாடுகின்றன என்றும், சிங்கம்தான் பல நேரம் அவற்றிடம் பறித்துத் தின்கிறது என்றும் காட்டினார். பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை.

சாப்பாட்டுப் பொட்டலத்தை மடித்துவைத்துக்கொண்டிருந்தபோது வண்டியின் வானொலி கரகரத்தது. "மதோவாதோவா" என்று ஒரு குரல். புள்ளிகள் என்று பொருள். வழிகாட்டிகள் தங்களுக்குள் சிவிங்கியை அப்படிச் சொல்லிக்கொள்கிறார்களாம். கேட்டதும் வெளியில் சிதறிக்கிடந்த வண்டிகள் எல்லாம் ஒரே திசையில் புழுதி கிளப்பின. எங்களுடையதும்.

சிவிங்கி என்று எழுதும்போது எனக்கு எப்போதும் தொண்டையில் ஏதோ அடைக்கும். நாம் இன்று சிறுத்தையையும் இதையும் ஒரே பெயரில் குழப்பிக்கொள்கிறோம். ஆனால் பழைய சொல் தெளிவாக இருந்தது. ஒட்டகமும் சிவிங்கியும் சேர்ந்ததுபோல இருப்பதால் ஒட்டகச்சிவிங்கி. அப்படி உவமை சொல்ல வேண்டுமென்றால் சிவிங்கியைத் தெரிந்திருக்க வேண்டும். 1947-இல் மத்திய இந்தியாவின் கொரியா சமஸ்தானத்தில் மூன்று சிவிங்கிகள் சுடப்பட்டன. 1952-இல் இந்தியாவில் இந்த இனம் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. வல்லநாட்டிலும் கோடியக்கரையிலும் வெளிமான்கள் இன்னும் துள்ளி ஓடுகின்றன. அவற்றைத் துரத்த நம் நிலத்தில் சிவிங்கி இல்லை. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளைக் கொண்டுவந்து குனோ தேசியப் பூங்காவில் விட்டார்கள். நான் பார்க்க விரும்பிய முதல் விலங்கு இதுதான். என் மொழி பெயரைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு விலங்கைத் தொலைத்துவிட்டது.

தாய் ஒன்று, மூன்று குட்டிகள். ஒரு கறையான் மேட்டின் மேல் நின்று தாய் தூரத்து நியூம்புக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணின் உள்முனையிலிருந்து வாய் வரை இறங்கும் கறுப்புக் கோடு. குட்டிகளின் முதுகில் சாம்பல் நிறப் பஞ்சு மயிர். செரெங்கெட்டி பூங்காவுக்குள் பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது. இங்கோரோங்கோரோவின் இந்தப் பக்கத்தில் இறங்க முடிந்தது. அதனால் எல்லோரும் இறங்கியிருந்தோம். நான் எண்ணினேன், இருபத்திரண்டு வண்டிகள். தாய் மேட்டிலிருந்து இறங்கி நடந்தால் வண்டிகள் நகர்ந்தன. நின்றால் நின்றன. நியூம்புகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. சிவிங்கிக்கு ஓட நேர்க்கோடு வேண்டும், மறையப் புல் வேண்டும். இரண்டுக்கும் குறுக்கே நாங்கள் நின்றோம். ஒரு குட்டி வண்டிகளுக்கு நடுவே திசை தெரியாமல் கிறீச்சிட்டது. அது குருவியின் குரல், ஒரு வேட்டை விலங்கின் குரலாகவே இல்லை.

இங்கிருந்து வடக்கே, எல்லைக்கு அப்பால் மாசாய் மாராவில், ஃபெம்கே ப்ரூக்ஹ்யூஸ் என்ற ஆய்வாளர் 2018-இல் வெளியிட்ட கணக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. பயணிகள் குறைவாக வரும் இடங்களில் ஒரு தாய்ச் சிவிங்கி ஓர் ஈற்றுக்குச் சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட குட்டிகளை ஆளாக்குகிறது. வண்டிகள் நெருக்கியடிக்கும் இடங்களில் ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி தேறினால் அதிகம். யாரும் அவற்றைச் சுடவில்லை, பொறி வைக்கவில்லை. பார்க்க மட்டுமே செய்தார்கள். பார்வைக்கு எடை உண்டு என்று யாராவது சொன்னால் கவித்துவமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். இங்கே அதைக் குட்டிகளின் எண்ணிக்கையில் எடைபோட்டிருக்கிறார்கள்.

"போய்விடலாமா?" என்று கேட்டேன்.

வழிகாட்டி திரும்பி என்னைப் பார்த்தார். "வேட்டையைப் பார்க்க வேண்டாமா, ம்ஸே? இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓடும்."

"ஓடட்டும்."

அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனால் தோள்கள் தளர்ந்தன. வண்டியைப் பின்னால் எடுத்து, பெரிய வளைவாக வளைத்து, நியூம்புகள் இல்லாத பக்கமாக வெளியேறினார். எங்கள் இடத்துக்கு இன்னொரு வண்டி வந்து நின்றுவிட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். தாய்ச் சிவிங்கி கன்றைப் பிடித்ததா, குட்டிகள் தின்றனவா, எனக்குத் தெரியாது.

வெகுநேரம் பேசாமல் ஓட்டினார். பிறகு அவராகவே தொடங்கினார். இந்த மாதத்தில் அவர் வீட்டு மாடுகள் எல்லாம் மேட்டு நிலத்துக்குப் போய்விட்டன. நியூம்பு ஈனும் வெளியில் மாட்டை மேயவிட்டால் மாடு செத்துப்போகும் என்பது மாசாய்களுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த விஷயம். நியூம்புக் கன்றிடமிருந்து மாட்டுக்குத் தாவும் கொடிய சளிக்காய்ச்சல் அது. நியூம்புக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை, மாட்டுக்கு மருந்தில்லை. அந்தக் கிருமியை நியூம்பிடமிருந்து பிரித்துக் காட்டியவரும் அதே பிளௌரைட்தான். அவர் காட்டுவதற்கு வெகுகாலம் முன்பே மாசாய்கள் ஈற்றுக்காலத்தில் சிறந்த புல்லை நியூம்புக்கு விட்டுக்கொடுத்து விலகிப்போய்க்கொண்டிருந்தார்கள். இந்த வெளி இன்றுவரை வெளியாக இருப்பதில் அந்த விலகலுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

"என் தாத்தா மோரு பாறைகளுக்குப் பக்கத்தில் மாடு வைத்திருந்தார்" என்றார். மோரு பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே ஒரு பாறைக்குகையில் மாசாய் வீரர்கள் வரைந்த கேடயங்கள் சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாய் இன்றும் இருக்கின்றன. 1959-இல் செரெங்கெட்டியிலிருந்து மாசாய்கள் வெளியேற்றப்பட்டார்கள். பதிலுக்கு இங்கோரோங்கோரோவில் மாட்டோடு வாழலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில்தான், வரிக்குதிரைக் கோடு தீட்டிய சிறு விமானத்தில் விலங்குகளை எண்ணிக்கொண்டிருந்த மிகாயில் கிஜிமெக் பாறுக்கழுகில் மோதி விழுந்து இறந்தார். அவரும் அவர் தந்தை பெர்ன்ஹார்டும் எடுத்த படம் ஆஸ்கர் வாங்கியது. செரெங்கெட்டியை உலகம் அறிந்ததும் காக்க முன்வந்ததும் பெரிதும் அந்தப் படத்தால். மகனை இழந்த பின்னும் ஒரு நிலத்துக்காக அலைந்த அந்தத் தந்தையை நான் மதிக்கிறேன். ஆனால் பூங்காவுக்குள் மனிதர் எவரும், அந்த மண்ணின் மக்களும்கூட, வாழக்கூடாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. எமுதாய் காலி செய்த நிலத்தைக் காலியாகவே வைத்திருக்க அது துணைபோயிற்று. 2022 முதல் இங்கோரோங்கோரோ மாசாய்களில் பலரும் வெகுதொலைவில் ஹண்டேனி மாவட்டத்து ம்சோமேராவுக்குக் குடிபெயர்க்கப்பட்டிருக்கிறார்கள். விருப்பப்பட்டுப் போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளியையும் மருத்துவமனையையும் தேயவிட்டால் யார் விரும்பமாட்டார்கள் என்று கேட்கிறார்கள் மாசாய்கள். வழிகாட்டியின் சித்தப்பா குடும்பம் போய்விட்டது. "அங்கே வீடு நல்ல வீடு" என்றார். "மாட்டுக்குத்தான் அந்தப் புல் தெரியாது."

மாலை நான்கு மணி இருக்கும். அவர் கணக்கில் பத்து. ஆளரவமற்ற வெளியில் தனியாக ஒரு கன்று நின்றிருந்தது. தொப்புள் கொடி காய்ந்திருக்கவில்லை. எங்களைக் கண்டதும் ங என்று கத்திக்கொண்டு நேரே ஓடிவந்தது. வழிகாட்டி எஞ்சினை நிறுத்தினார். தாயைத் தொலைத்த கன்று அசையும் எதன் பின்னாலும் போகும் என்றார். வண்டியின் பின்னால், சில நேரம் கழுதைப்புலியின் பின்னாலும். அது வந்து முன்சக்கரத்தை முகர்ந்தது. பிறகு என் பக்கத்துக் கதவின் கீழே வந்து தகரத்தை மூக்கால் முட்டியது, மடியை முட்டுவதுபோல. இரண்டு தடவை, மூன்று தடவை. என் கை கதவின் மேல் இருந்தது. ஒரு சாண் தூரத்தில் அதன் நெற்றி.

"தொட வேண்டாம், ம்ஸே."

தாய் தன் கன்றைத் தவிர வேறு எதையும் ஊட்டவிடாது. வாசனையில்தான் அடையாளம். அதன் மேல் என் வாசனையைப் பூசுவதற்கு எனக்கு உரிமையில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை. அவர் கைகளுக்கு எந்தக் கன்றையும் தொடாமல் இருந்து பழக்கமில்லை.

நாங்கள் அசையவில்லை. வண்டி அசைந்தால் அது பின்தொடரும். அப்படியே அரை மணி நேரம். வானில் பாறு ஒன்று வட்டமிட்டது, பிறகு இரண்டு. கன்று சோர்ந்து வண்டியின் நிழலில் படுத்துவிட்டது. அப்புறம் மேற்கே ஒரு வரிசை தெரிந்தது. நியூம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, தலையைத் தொங்கப்போட்டு, தண்ணீருக்குப் போகிற வரிசை. முனகல் காற்றில் வந்ததும் கன்றின் காதுகள் நிமிர்ந்தன. எழுந்தது. எங்களை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. வரிசையில் முதலாவதை முகர்ந்தது, அது கொம்பால் தள்ளியது. இரண்டாவதும் தள்ளியது. மூன்றாவதின் பின்னால் ஓடியது. புழுதி எழுந்து, மாலை வெயிலில் பொன்னாகி, எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. வழிகாட்டி தொலைநோக்கியை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். கால்கள் மட்டும் தெரிந்தன, எண்ணற்ற கால்கள்.

இரவு கூடாரத்தில் விளக்கை அணைத்தபின் தூக்கம் வரவில்லை. மந்தை ஏரிப்பக்கமாக நகர்ந்து வந்திருந்தது. துணிச்சுவருக்கு அந்தப் பக்கம் எங்கும் குளம்போசை, புல் பிடுங்கும் சத்தம். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. தாய்களின் கனத்த ங, அதற்குப் பதில் சொல்லும் கன்றுகளின் மெல்லிய ங. சில கேள்விகளுக்கு உடனே பதில் வந்தது. ஒரு மெல்லிய குரல் மட்டும் இடம் மாறி மாறி வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பின்னிரவில் அது நின்றபோது நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன்.